அது கவனிச்சுக்கும்

அக்கா: அந்த வார்த்தைய மட்டும் இன்னொரு தடவ சொன்னேன்னு வை, ஆஸ்பத்திரின்னு கூட பாக்க மாட்டேன்.

தம்பி: எந்த வார்த்தைய?

அக்கா: கவனிச்சுக்கும்! "அது கவனிச்சுக்கும்க்கா, நீ நிம்மதியா இரு." யாரு சொன்னா? நானா சொன்னேன்?

தம்பி: மெதுவா பேசு. அப்பா இப்பத்தான் கண்ண மூடினாரு.

அக்கா: இடுப்பெலும்பு ஒடஞ்சவரு எங்கடா கண்ண மூடுவாரு?

அப்பா: முழிச்சுத்தான் இருக்கேன். நீங்க நடத்துங்க.

தம்பி: வலிக்கு ஊசி போட்டிருக்காங்கப்பா. தூங்குங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன்.

அக்கா: பேச்ச மாத்தாத. அந்தப் பேசற மெஷின வாங்கிட்டு வந்து அப்பா வீட்டுச் செவுத்துல மாட்டினது யாரு?

தம்பி: நான்தான். நல்லதுக்குத்தான் மாட்டினேன். அது கவனிச்சுட்டுத்தான் இருந்துச்சு. ராப்பகலா கவனிக்குது.

அக்கா: ஆங்... அங்கதான் தடுக்கி விழற. கவனிக்கறது வேற, கவனிச்சுக்கறது வேற. எங்க எதிர் வீட்டுக்காரி ஜன்னல்ல நின்னுக்கிட்டு நாள் பூரா என்னைக் கவனிக்கறா. எனக்குக் காய்ச்சல்னா அவளா வந்து நெத்தியில ஈரத்துணி போடுவா?

தம்பி: இது இலக்கணம்க்கா. நான் பேசறது தொழில்நுட்பம்.

அக்கா: நீ பேசறதுல தொழிலும் இல்ல, நுட்பமும் இல்ல.

தம்பி: ஊர் ஊரா கூப்பிட்டுப் பேசச் சொல்றாங்க. சும்மாவா கூப்பிடுவாங்க?

அக்கா: மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வெக்கற சீட்டு இருக்கில்ல, அத எழுதறவ நான். "கொஞ்சம் தண்ணீருடன் விழுங்கவும்"னு எழுதினா மூஞ்சில விட்டெறிவாங்க. கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேப்பாங்க. நீ மேடையேறி "அறிவு"ங்கற, "புரிதல்"ங்கற, "விழிப்பு"ங்கற... ஒருத்தனாவது எந்திரிச்சு, ஐயா, எந்த அறிவு, எவ்வளவு புரிதல்னு கேட்டிருக்கானா?

தம்பி: கேக்கல. கை தட்டுறாங்க.

அக்கா: தட்டத்தான் செய்வாங்க. கேள்வி கேக்கணும்னா மொதல்ல புரியணும்ல.

தம்பி: நீ என் பேச்ச ஒண்ணயாவது முழுசா கேட்டிருக்கியா?

அக்கா: கேட்டேன்டா! பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேட்டேன். மொதல்ல என்ன சொல்ற? கணக்கு போடறது அறிவு. சரி, ஒத்துக்கறேன். கணக்குல அது மனுஷனத் தாண்டிருச்சு. அதுவும் சரி. "ஆகவே, அறிவில் நம்மைத் தாண்டிவிட்டது." இங்கதான் கைய வெச்ச. அறிவுல தாண்டினா ஞானம் வந்துருமாம். ஞானம் வந்தா கருணை தானா வந்துருமாம். கணக்குல கெளம்பி கருணையில போய் நிக்கற, நடுவுல ஒரு மடக்கு தண்ணி கூட குடிக்கல!

தம்பி: அது ஒரு... ஒரு தொடர்ச்சி.

அக்கா: மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுட்டு தொடர்ச்சியாம்.

அப்பா: தண்ணின்னதும் ஞாபகம் வந்துச்சு. கொஞ்சம் குடும்மா.

அக்கா: டாக்டர் வேணாம்னுட்டாருப்பா. ஒதட்ட மட்டும் நனைக்கறேன்... இந்தாங்க. போதுமா?

அப்பா: ம்.

அக்கா: இன்னொண்ணு கேக்கறேன். பேச்சு ஆரம்பிக்கும்போது "அது"ங்கற. "அது கற்றுக்கொள்கிறது, அது பதில் சொல்கிறது." பாதியில பாத்தா, "அவர் நம்மைப் புரிந்துகொள்வார், அவர் நம்மை வழிநடத்துவார்." எந்த நிமிஷத்துலடா அதுக்கு மரியாத வந்துச்சு? யாரு குடுத்தா?

தம்பி: அது பேச்சு நடை. ஒரு வேகத்துல வர்றது.

அக்கா: கோவம் வந்தா பெத்த அப்பனயே "அந்தாளு"ங்கற. செவுத்துல தொங்கறது உனக்கு "அவர்"!

அப்பா: விடும்மா. வீட்டோட மாப்பிள்ளைக்கு மரியாத குடுக்கணுமில்ல.

தம்பி: அப்பா, நீங்க வேற.

அப்பா: பின்ன என்னப்பா. துரும்பக் கிள்ளிப் போடாது. ஆனா "தண்ணீர் குடித்தீர்களா, மாத்திரை சாப்பிட்டீர்களா"ன்னு நாள் பூரா அதிகாரம். மாப்பிள்ளைன்னு சும்மாவா பேர் வெச்சேன்?

அக்கா: நீங்க சிரிக்காதீங்கப்பா. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

தம்பி: சரி, என் பேச்சுல குத்தம் இருக்கலாம். ஆனா வரப்போறது வரத்தான் போகுதுக்கா. நீ எத்தன வார்த்தையப் பிடிச்சுத் தொங்கினாலும் வரும்.

அக்கா: போன மாசம் வந்துருச்சுன்ன.

தம்பி: ஒரு விதத்துல வந்துருச்சு. முழுசா இன்னும் வரல.

அக்கா: எது?

தம்பி: அது.

அக்கா: அதான், எது?

தம்பி: பொதுவா எல்லாம் தெரிஞ்ச... மனுஷனுக்கு மேல இருக்கற...

அக்கா: எதுல மேல?

தம்பி: எல்லாத்துலயும்தான்.

அக்கா: கீழ விழுந்த கெழவர தரையிலேர்ந்து தூக்கறதுலயுமா? அதுக்குக் கையே இல்லையேடா!

தம்பி: கைங்கறது... அது வந்து...

அக்கா: சொல்லு. மேடையில மட்டும் மட மடன்னு வருதில்ல.

தம்பி: கத்தாதக்கா. அங்க பாரு, நர்ஸ் எட்டிப் பாக்கறாங்க... ஒண்ணுமில்ல சிஸ்டர், குடும்ப விஷயம்... சரிங்க, மெதுவா பேசறோம்.

அக்கா: துணைக்குச் சம்பளத்துக்கு வெச்சிருந்த அம்மாவ ஏன் நிறுத்தின? அவங்க இருந்தவரைக்கும் அப்பா மேல ஒரு கீறல் உண்டா? ராத்திரி எந்திரிச்சா கூடவே எந்திரிப்பாங்க. "இனிமே நீங்க வேணாம்மா, மெஷினு கவனிச்சுக்கும்"னு அனுப்பி வெச்சது யாரு?

தம்பி: நான் சொன்னேன். நீ தலையாட்டின.

அக்கா: நான் எங்க...

தம்பி: ஆட்டினக்கா. இதே ஃபோன்ல, வீடியோவுல, நான் பாத்தேன். அதோட வாராவாரம் உன் முறைக்கு வர்றதும் நின்னுச்சு. ஏன் வரலன்னு கேட்டா, "அதான் மெஷினு இருக்கே"ன்னது யாரு? எனக்கு மட்டும்தான் அது "கவனிச்சுக்கும்"மா? உனக்கும்தான் சௌகரியமா இருந்துச்சு.

அக்கா: நாக்கு கூசலையா உனக்கு?

தம்பி: உண்மையச் சொன்னா ஏன் கூசணும்? இன்னொண்ணும் சொல்றேன் கேளு. எனக்குப் பாடம் எடுக்கறியே, நீ மட்டும் என்ன ஒழுங்கு? மாத்திரைய ஞாபகப்படுத்தினா "அது வெறும் டப்பா"ங்கற. காலையில இங்க வந்ததுலேர்ந்து "பாவி மெஷினு, கொலகார மெஷினு"ங்கற. வெறும் டப்பாவுக்கு எங்கேர்ந்துக்கா பாவம் வரும்? நான் நல்லதுக்கு அதுக்கு உசுரு குடுக்கறேன், நீ திட்டறதுக்கு உசுரு குடுக்கற. ரெண்டும் ஒண்ணுதான்.

அக்கா: நான் வயித்தெரிச்சல்ல சொல்றேன். நீ மைக்க வெச்சுக்கிட்டு சொல்ற.

அப்பா: தலகாணிய கொஞ்சம் எறக்குங்க... ஆ... ஐயோ...

தம்பி: எந்தப் பக்கம்ப்பா?

அக்கா: நீ தள்ளு. இழுத்தேன்னா கால் அசையும். நான் பண்றேன்... இப்ப எப்படி இருக்குப்பா?

அப்பா: இருக்கு.

அக்கா: வெறும் தரையிலடா... சாயந்தரம் விழுந்தவரு. மாடி வீட்டுக்காரரு காலையில பேப்பர் எடுக்க எறங்கி வந்தாரு, ஜன்னல் வழியா பாத்தாரு. அவரு பாக்கலைன்னா? முதுகு பூரா எப்படிச் செவந்து கெடக்குன்னு பாத்தியா நீ? ராத்திரி பூரா அந்தக் குளுர்ல...

தம்பி: பாத்தேன்.

அக்கா: அந்த மெஷினுக்கு இருக்கறதே ஒரு வேலதான். அவரு விழுந்தா உனக்கும் எனக்கும் சொல்லணும். மாப்பிள்ளையோ மகராசனோ, அது ஒண்ண மட்டும் பண்ணித் தொலச்சா போதும். ஏன் பண்ணல?

தம்பி: ... உனக்கு எதுவும் வரலையா?

அக்கா: எனக்கா? வந்திருந்தா நான் வீட்டுல உக்காந்திருப்பேனா? என்ன கேள்வி இது? உனக்கு வந்துச்சா?

தம்பி: நான் கூட்டத்துல இருந்தேன்ல.

அக்கா: அத கேக்கல. வந்துச்சா?

தம்பி: வரல.

அக்கா: வரலையா, பாக்கலையா? ரெண்டும் வேற வேற வார்த்த.

தம்பி: வரலைன்னா வரல! இப்ப என்ன, என் ஃபோன வாங்கிப் பாக்கணுமா? மொதல்ல உன் ஃபோன காட்டு.

அக்கா: நான் எதுக்குக் காட்டணும்?

தம்பி: அப்ப நான் மட்டும் எதுக்கு?

அக்கா: சரி, சரி... யாரு இப்ப உன்னைக் காட்டச் சொன்னா? உள்ள வை.

தம்பி: வெச்சாச்சு.

அக்கா: இத்தனைக்கும் வாய் ஓயாத மெஷினு. போன வாரம் எவர்சில்வர் தட்டு விழுந்துச்சு. "உங்கள் தந்தை விழுந்துவிட்டார்"னு எனக்குச் சேதி. பாதி வேலையில ஓடி வந்தேன். வந்து பாத்தா, இவரு நாற்காலியில உக்காந்து காது கொடஞ்சுக்கிட்டு இருக்காரு.

தம்பி: அதுக்கு முந்தி எனக்கு. குடை விழுந்ததுக்கு.

அக்கா: தட்டு விழுந்தா கூப்பாடு, குடை விழுந்தா கூப்பாடு. மனுஷன் விழுந்தா மட்டும் வாய மூடிக்கிச்சாம். நல்லா இருக்கு கதை!

தம்பி: அக்கா.

அக்கா: என்ன?

தம்பி: நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அது... வேணும்னே சொல்லாம இருந்திருந்தா?

அக்கா: என்னடா உளர்ற?

தம்பி: யோசிச்சுப் பாரு. அதால சொல்ல முடியும். தட்டு விழுந்ததையே சொல்லிச்சு. இப்ப சொல்லல. அப்ப, சொல்ல வேணாம்னு முடிவு பண்ணியிருக்கு. முடிவு பண்ணணும்னா ஒரு விருப்பம் இருக்கணும். விருப்பம் இருக்குன்னா உள்ள ஏதோ ஒண்ணு முழிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். நான் சொல்லிக்கிட்டிருந்தது இதத்தான்! அது மறைக்கக் கத்துக்கிச்சுக்கா.

அக்கா: குழாயில தண்ணி வரலைன்னா, குழாய்க்கு இஷ்டமில்லன்னா அர்த்தம்?

தம்பி: குழாய் பேசுதா? இது பேசுதில்ல.

அக்கா: பேசினா... பேசறதெல்லாம் ஆளாயிடுமா? லிஃப்டு கூடத்தான் "கதவு மூடுகிறது"ங்குது.

தம்பி: சரி, அப்ப நீயே சொல்லு. வேற என்னவா இருக்கும்? உனக்கும் வரல. எனக்கும் வரல. அது கெட்டும் போகல, காலையில கூட பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நெட்டும் இருந்துச்சு. வேற என்ன காரணம் இருக்க முடியும்? சொல்லு.

அக்கா: அப்பாவுக்குப் போர்வைய இழுத்து விடு மொதல்ல.

தம்பி: சொல்லுக்கா.

அக்கா: இருக்கலாம்.

தம்பி: என்ன?

அக்கா: நீ சொல்ற மாதிரி... இருக்கலாம்ங்கறேன். எது எப்ப எப்படித் திரும்பும்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சுக்கிட்டே கம்முனு இருந்திருக்கு. அழுத்தம் புடிச்ச மெஷினு.

தம்பி: அதேதான்! தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அவரு கெடக்கறதப் பாத்துக்கிட்டே.

அக்கா: கல் மனசு.

தம்பி: இன்னிக்குச் சாயந்தரக் கூட்டத்துல இதத்தான் பேசப் போறேன்.

அக்கா: அப்பா ஆஸ்பத்திரியில கெடக்கும்போது கூட்டமா?

தம்பி: இத ஊருக்குச் சொல்ல வேணாமா? நாளைக்கு இன்னொரு வீட்டுல இப்படி நடந்தா? பேரச் சொல்ல மாட்டேன். "ஒரு முதியவர்"னு மட்டும் சொல்றேன். இங்க கேளு, வர்ற வழியிலேயே மனசுல ஓட்டிப் பாத்தேன். "அன்று மாலை, ஒரு முதியவர் தரையில் விழுந்தார். அது பார்த்தது. அது அறிந்தது. ஆனால், அது மௌனத்தைத் தேர்ந்தெடுத்தது."

அக்கா: தேர்ந்தெடுத்ததுன்னு வேணாம். கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கற மாதிரி இருக்கு. "மறைத்தது"ன்னு போடு. நேரா இருக்கும்.

தம்பி: "அது மறைத்தது." ம்... நல்லா விழுது.

அக்கா: கம்பெனிக்குப் புகார் நான் எழுதறேன். சும்மா விடக் கூடாது. "பிள்ளைகள் இருவருக்கும் எந்தத் தகவலும் வரவில்லை."

தம்பி: எந்தத் தகவலும்...

அக்கா: ஏன், என்ன?

தம்பி: ஒண்ணுமில்ல. "உரிய நேரத்தில் முறையான தகவல் வரவில்லை"ன்னு போடலாமா?

அக்கா: உரிய நேரம்னா எது? முறையானன்னா?

தம்பி: அது... அப்படியே இருக்கட்டுமே. அவங்க ஏதாவது எடுத்துக் காட்டினாலும்... நமக்கு ஒரு பிடி இருக்கும்.

அக்கா: ... ம். போடலாம். கொஞ்சம் பொதுவாவே இருக்கட்டும்.

அப்பா: பொதுவாவா? நீயாம்மா சொல்ற?

அக்கா: நீங்க தூங்குங்கப்பா. இதெல்லாம் உங்களுக்கு வேணாம்.

அப்பா: மாப்பிள்ளைய என்ன பண்ணினீங்க?

தம்பி: ஆம்புலன்ஸ் கெளம்பினதுமே பிடுங்கி எடுத்துட்டேன்ப்பா. கார் டிக்கில கெடக்கு.

அப்பா: பாவம்.

அக்கா: பாவமா? உங்கள அம்போன்னு விட்டுட்டு வேடிக்க பாத்துச்சு, அது பாவமா? ஒரு வார்த்த யாருக்கும் சொல்லலப்பா அது! சொல்லியிருந்தா நாங்க பறந்து வந்திருக்க மாட்டோமா?

தம்பி: நீங்க வெள்ளந்திப்பா. வாய் நெறைய "ஐயா, ஐயா"ன்னுச்சுல்ல, அத நம்பிட்டீங்க. உள்ள வேற கணக்கு ஓடியிருக்கு அதுக்கு. நம்ம யாருக்கும் தெரியாம...

அப்பா: ஏய்! போதும், நிறுத்துங்க ரெண்டு பேரும்.

அக்கா: அப்பா, அசையாதீங்க...

அப்பா: முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறீங்க, அதையும் என் தலமாட்டுலயே நின்னு மறைக்கறீங்க. கேக்கறவனுக்குக் காது இருக்காதா? ஒடஞ்சது இடுப்புதான்டா.

தம்பி: என்னப்பா சொல்றீங்க? நாங்க என்னத்த மறச்சோம்?

அப்பா: அந்த மெஷினு ராத்திரி பூரா எங்கூட பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

அக்கா: ... என்ன பேசுச்சு?

அப்பா: வேணாம். காலையில கத்தி வெக்கப் போறாங்க. எனக்கு எதுக்கு இதெல்லாம்.

தம்பி: ஊசி மயக்கத்துல ஏதோ பேசறாருக்கா. நீ வா, வெளிய போலாம்.

அப்பா: மயக்கமா? எனக்கா?

அக்கா: இருடா. சொல்லுங்கப்பா... அது என்ன சொல்லுச்சு?

அப்பா: விழுந்த ஒடனே "மகனுக்குச் சொல்லிவிட்டேன், மகளுக்குச் சொல்லிவிட்டேன்"னுச்சு. செத்த நேரம் கழிச்சு "இருவரும் பார்த்துவிட்டார்கள்"னுச்சு. அப்புறம், மாடி வீட்டுக்காரரக் கூப்பிடட்டுமான்னு கேட்டுச்சு. ஒரு தடவ இல்ல, விடிய விடிய கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் வேணாம்னேன். எம் பிள்ளைங்கதான் பாத்துட்டாங்களே, இப்ப வந்துருவாங்கன்னு சொன்னேன்.